விசில் சாரின் சார்ஜ் பந்தயம்

விசில் சாரைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் 'சாக்கு சொல்லாதே'. இந்த மூன்றும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் ஆசையாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது ஒரு நாளைக்கு நாலு விநாடி பின்தங்குகிறது என்று மறு வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் குடித்தனம் நடத்துவாள், நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு மாதம் நடத்தினாள். பால் பொங்க எத்தனை நிமிஷம், துணி காய எத்தனை நிமிஷம், அவள் குளித்துவிட்டு வர எத்தனை நிமிஷம் என்று மனிதர் எல்லாவற்றுக்கும் வாட்சை அமுக்கினார். அவர் மனைவிக்கு நூலகத்தில் வேலை. இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி. பிறந்ததிலிருந்து சத்தமில்லாத இடத்துக்குப் பழகிய பெண்மணி. ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே விசில் சத்தம் கேட்டது. அன்றைக்கே நூலகத்துச் செய்தித்தாளில் வேலை விளம்பரங்களைப் புரட்ட ஆரம்பித்தாள்.

"இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த வாட்ச் இருக்கணும். போய் இந்த வேலையைப் பாருங்க" என்று ஒரு துண்டை வெட்டி நீட்டினாள். மின்சாரக் கார்களுக்கு வேகமாகச் சார்ஜ் போடும் நிலையத்துக்கு ஒரு பொறுப்பாளர் தேவை. பகல் வேலை.

நிலையம் புறவழிச் சாலை ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட பெரிய சிமெண்ட் தளம். இரண்டு மெஷின்கள். ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு கன். பெட்ரோல் பங்கில் குழாய் இருக்குமே, அந்த மாதிரி; ஆனால் கனம் அதிகம், கேபிள் குட்டை. பொறுப்பாளருக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். வருகிற காருக்குக் கன்னை மாட்ட வேண்டும், திரையில் எண் ஓடுகிறதா பார்க்க வேண்டும், சார்ஜ் ஏறிய பிறகும் நகராமல் தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டும், தளத்தைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பயிற்சிக்கென்று அரை நாள் கூப்பிட்டார்கள். அந்த அரை நாளில் பாதி நேரம் பயிற்சி கொடுத்த பையனுக்கு நிமிர்ந்து நிற்பது எப்படி என்று நம்மவர் பாடம் நடத்தினார். அந்தப் பையன் மெஷினைப் பற்றி என்ன சொன்னான் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேண்டும்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் இருந்தார். இரண்டாவது வாரம் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் வந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் இருபது சதவீதம். சாருக்குக் கை பரபரத்தது. கன்னை மாட்டினார், வாட்சை அமுக்கினார், எது முதலில் எண்பது தொடுகிறது பார்ப்போம் என்று இடுப்பில் கை வைத்து நின்றார். அவ்வளவுதான், போயிற்று.

பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு கரும்பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து கூண்டுக்கு வெளியே மாட்டினார். மேலே கொட்டை எழுத்தில் 'சாக்கு சொல்லாதீர்'. கீழே கார்களின் பட்டியல், இருபதிலிருந்து எண்பதுக்கு எத்தனை நிமிஷம் என்று. கம்பெனிப் பெயர் போடமாட்டார், பட்டப்பெயர்தான். நெட்டை, உருண்டை, மூக்கன், பெட்டி, தவளை. வகுப்பில் பிள்ளைகளுக்கு வைத்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

விஷயம் தெரியாமல் எழுதினார் என்று நினைக்காதீர்கள். அந்த விஷயத்தில் ஆள் கெட்டிக்காரர். நெட்டைக் காரை வைத்திருந்த கட்டட கான்ட்ராக்டர் ஒரு நாள் வந்து, "சார், என் வண்டி இருநூத்தம்பது கிலோவாட் இழுக்கும், தெரியுமா?" என்று மார்தட்டினார்.

"அது விளம்பரத்துல போட்ட கணக்கு. முதல் அஞ்சு நிமிஷம் எல்லாரும்தான் பாய்வாங்க. கடைசி சுத்துல என்ன ஓட்டம், அதைச் சொல்லுங்க" என்றார் சார். "தவளையைப் பாருங்க. ஆரம்பத்துல புலி, நாப்பது சதவீதத்துல மூச்சு வாங்கி உட்கார்ந்துடும். மூக்கன் மெதுவாத்தான் கிளம்பும், ஆனா கடைசி வரைக்கும் ஒரே சீரா ஓடும். எண்பதுக்கு மேல எல்லாமே நொண்டிதான், அதனால எண்பதோட கன்னைக் கழட்டிடணும்."

கான்ட்ராக்டர் அசந்துபோனார். ஊரில் புதுக் கார் வாங்குகிறவர்கள் விற்கிற இடத்துக்குப் போகுமுன் அந்தப் பலகையை வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குப் பெயர் பரவிவிட்டது.

ஆனால் சாருக்கு ஒரு கொள்கை. தனியாக ஓடுகிறவன் முதலாவதாக வந்தால் அது பந்தயமே இல்லை. ஜோடி வேண்டும், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டாவது மெஷின் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கும். வருகிற கார்களை அங்கே விடமாட்டார். "இங்க வாங்க, இங்க வாங்க, ஜோடி சேருங்க" என்று இரண்டையும் முதல் மெஷினுக்கே ஓட்டிக்கொண்டு வருவார். ஒரு கார் கூண்டுப் பக்கம், ஒன்று மதில் பக்கம், நடுவே மெஷின். முதலில் கூண்டுப் பக்கத்துக் காருக்கு மாட்டுவார், பிறகு சுற்றிக்கொண்டு போய் மதில் பக்கத்துக்கு மாட்டுவார். இதற்குப் பன்னிரண்டு விநாடி ஆகும். அந்தப் பன்னிரண்டு விநாடியை மதில் பக்கத்துக் காரின் நேரத்திலிருந்து நேர்மையாகக் கழித்துவிடுவார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "என் வாட்சுல அநியாயம் நடக்காது" என்பார்.

நெட்டைக்குச் சார்ஜ் போடும் துளை இடது பக்கம். உருண்டைக்கு வலது பக்கம். கேபிளோ குட்டை. அதனால் நெட்டை எப்போதும் கூண்டுப் பக்கம்தான் நிற்கும், உருண்டை எப்போதும் மதில் பக்கம்தான் நிற்கும். பலகையில் நெட்டைக்கு இருபத்தெட்டு நிமிஷம், உருண்டைக்கு நாற்பத்தொன்று. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே கதை.

உருண்டைக்குச் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். சாது. வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தான் வாயைத் திறப்பது அபூர்வம். அவரே ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வேற ஊர்ல போட்டா இருபத்து மூணு நிமிஷத்துல ஏறிடுது."

"சாக்கு சொல்லாதீங்க டாக்டர்."

"நான் சொல்லலை சார், வண்டி சொல்லுது."

"வண்டியையும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க. பாருங்க, நான் காட்டறேன்." சார் திரையைக் காட்டினார். நெட்டை எண்பதைத் தொட்டுக் கன்னைக் கழற்றியதும், அதுவரை இருபத்தைந்து கிலோவாட்டில் முனகிக்கொண்டிருந்த உருண்டை சட்டென்று எழுபதுக்குத் தாவியது. "பார்த்தீங்களா? வேற ஒண்ணுமில்ல, கூச்சம். பக்கத்துல பெரிய ஆள் நின்னா ஒடுங்கிடுது. அவன் போனதும் பாருங்க, என்னா ஓட்டம்!"

"காருக்குக் கூச்சமா சார்?"

"ஏன் இருக்கக் கூடாது? என் பொண்ணே இப்படித்தான். தனியா ஓடிப் பழகும்போது பறப்பா. போட்டின்னு வந்துட்டா நாலாவது, அஞ்சாவது. வாத்தியார் பொண்ணுன்னு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு எப்பவும் அவளுக்குக் கடைசி லேன்தான் குடுப்பேன். எட்டாவது லேன். நான் அவ்வளவு ஸ்ட்ரிக்ட்" என்று மீசையை நீவிக்கொண்டார். போகும்போது உருண்டையின் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, "பயப்படாம ஓடு" என்று தைரியம் வேறு சொன்னார். பல் டாக்டர் வாய் மூடி வண்டியில் ஏறினார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. சாருக்கு இன்னமும் பாப்பா. வாடகைக்கார் ஓட்டுகிறாள். அவளுடைய பழைய டீசல் வண்டி மேட்டில் ஏறும்போது மனிதர்களை இறக்கி ஏற்ற வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ ஒப்பந்தம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. சிறுநீரகச் சிகிச்சைக்கு வருகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு நடை. வாசலில் புகை கூடாது, அதனால் மின்சாரக் கார்தான் என்பது அவர்கள் நிபந்தனை. நடைக்கு நடை நடுவில் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் இருபதிலிருந்து எண்பது ஏறினால் பிழைப்பு ஓடும். ஏறாமல் மூன்று நடை தவறினால் ஒப்பந்தம் ரத்து. எந்தக் காரை வாங்குவது என்பதில்தான் அவளுடைய இரண்டு வருஷமும் இருந்தது.

திங்கட்கிழமை நிலையத்துக்கு வந்து பலகை முன்னால் நின்றாள்.

"எனக்கு உருண்டைதான்ப்பா பிடிச்சிருக்கு. கதவு அகலம், சீட் சரியான உயரம். வர்றவங்க எல்லாம் முட்டி மடக்க முடியாதவங்க. நெட்டையில குனிஞ்சு ஏறணும், எழுந்து இறங்க கை குடுக்கணும்."

"கை குடு. குடுத்தா தேஞ்சா போயிடும்? பாப்பா, மனசுக்குப் பிடிச்சதைப் பார்க்காதே, வாட்சைப் பாரு. இருபத்தெட்டு எங்க, நாப்பத்தொண்ணு எங்க? அரை மணி நேரம்தான் உனக்கு. நாப்பத்தொண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? மூணே நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்தாள். பிறகு, "சரிப்பா. மத்த விஷயம் எப்படியோ, நேரம்னா நீங்க சொல்றதுதான்" என்றாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, எல்லாக் கம்பெனிக் கார்களும் விற்கிற ஷோரூமில் நெட்டைக்குக் கையெழுத்து என்று முடிவாயிற்று. சாருக்கு உச்சி குளிர்ந்தது. அன்று முழுக்க விசிலை வாயில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி சுமாருக்கு மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். தோளில் லேப்டாப் பை, கையில் ஸ்க்ரூடிரைவர். நேராக இரண்டாவது மெஷினைத் திறந்து பார்த்தாள், மூடினாள், தலையைச் சொறிந்தாள்.

"சார், இது நல்லாத்தானே இருக்கு? எட்டு மாசமா இதுல ஒரு வண்டிகூட ஏறலை. முதல் மெஷின்ல மட்டும் எப்பவும் ரெண்டு ரெண்டா நிக்குது. இது கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஆபீஸ்ல என்னை அனுப்பிட்டாங்க."

"கெட்டுப்போகலைம்மா. நான்தான் விடறதில்ல" என்று சார் பெருமையோடு பலகையைக் காட்டிப் பந்தயத்தின் விதிகளை எடுத்துச் சொன்னார். ஜோடி, இருபது, எண்பது, பன்னிரண்டு விநாடி, எல்லாம். அப்போது மதில் பக்கத்தில் உருண்டை நின்றிருந்தது. பல் டாக்டர் உள்ளே சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார்.

அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் போன போக்கை சார் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

"சார், ஒரு மெஷினுக்கு மொத்தமே நூத்திருபது கிலோவாட்தான். ரெண்டு கன்னுக்கும் சேர்த்து."

"சரி."

"முதல்ல மாட்டின வண்டி கேட்டதை எல்லாம் எடுத்துக்கும். மிச்சம் இருக்கிறதுதான் ரெண்டாவது வண்டிக்கு. நெட்டை தொண்ணூத்தஞ்சு எடுத்துக்கிட்டா, உருண்டைக்கு என்ன மிஞ்சும்? இருபத்தஞ்சு. நெட்டை போனதும் அதுக்கு வேண்டியது கிடைக்கும். பயிற்சியில சொல்லியிருப்பாங்களே?"

 விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

"அந்தப் பன்னிரண்டு விநாடியைத்தான் கழிச்சுட்டேனேம்மா" என்றார், தேய்ந்துபோன குரலில்.

"நீங்க கழிச்சது உங்க வாட்சுலதான் சார். மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? யார் முன்னாடி மாட்டினாங்களோ அவங்க முன்னாடி. அவ்வளவுதான்."

"அப்போ உருண்டைக்குக் கூச்சம் இல்லையா?"

அந்தப் பெண்ணுக்கு அதுவரை அடக்கி வைத்த சிரிப்பு வெடித்துவிட்டது. "கூச்சமா? பாவம் சார் அது, பட்டினி!"

எட்டு மாசம். எத்தனை கார், எத்தனை பேர், பலகையைப் பார்த்துவிட்டு எதை எதையோ வாங்கிக்கொண்டு போனவர்கள். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சார் வாட்சைப் பார்த்தார். மூன்று இருபத்தேழு. மகளுக்குப் போன் போட்டார், மணி அடித்து ஓய்ந்தது. மனைவிக்குப் போட்டார். அவளும் மகளோடு ஷோரூமுக்குத்தான் போயிருந்தாள். நூலகத்துப் பழக்கம், போன் எப்போதும் மௌனத்தில்தான் இருக்கும்.

"டாக்டர்! எழுந்திருங்க! வண்டியை எடுங்க!"

பல் டாக்டர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். "சார், இப்பதான் முப்பத்தாறு சதவீதம் ஏறியிருக்கு."

"போதும்! பாப்பா நாலு மணிக்குக் கையெழுத்துப் போடறா. தப்பான வண்டிக்கு. என்னால. எடுங்க!"

சொல்லிக்கொண்டே கன்னைக் கழற்றினார். டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. எட்டு மாசமாக ஊரறியக் கேலி செய்த உருண்டைக்குள் சார் முதல்முறையாக ஏறினார். குனியாமல் ஏற முடிந்தது. முட்டி வலிக்கவில்லை. மகள் சொன்னது அப்போது உறைத்தது.

பல் டாக்டர் வண்டி ஓட்டுவதும் பல் பிடுங்குவது மாதிரிதான், நிதானம். "ஓட்டுங்க டாக்டர், ஓட்டுங்க!" என்று சார் டேஷ்போர்டைத் தட்டினார். கடைவீதி முனையில் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று ஐம்பத்திரண்டு. ஷோரூம் எதிரிலேயே தெரிந்தது, ஆனால் முக்கால் கிலோமீட்டர் இருக்கும். சார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

முப்பத்தொரு வருஷம் மற்றவர்களை ஓடவிட்டு விசில் ஊதிய மனிதர். தான் ஓடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. வயது அறுபத்தொன்று. ஓடினார். பேன்ட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, விசில் நெஞ்சில் அடிக்க, தஸ்ஸு புஸ்ஸென்று ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு தாடிக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பழைய மாணவன் போலிருக்கிறது. ஒரு காலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க இதைவிட்டால் நேரம் வாய்க்குமா?

"சார்! கையை மடக்கி ஓடுங்க சார்! குதிகாலைத் தரையில வைக்காதீங்க! சாக்கு சொல்லக் கூடாது!"

ஷோரூமுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வட்ட மேஜை. மகள் கையில் பேனா, எதிரில் விற்பனைப் பெண், பக்கத்தில் மனைவி. மகள் பேனாவைக் காகிதத்தில் வைக்கப் போகிறாள். சார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "பாப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வார்த்தை வரவில்லை. வேறு வழி தெரியாமல் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார்.

நாலு பக்கமும் கண்ணாடி. விசில் சத்தம் அங்கே மோதி இங்கே மோதி எல்லார் காதையும் பிளந்தது. விற்பனைப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். ஒரு வாடிக்கையாளர் காருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். மகளுக்கு மட்டும் அந்த இரட்டை விசிலின் அர்த்தம் தெரியும். ஓட்டம் செல்லாது, எல்லாரும் கோட்டுக்குத் திரும்புங்கள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"போர்டு தப்பு" என்றார் சார், முட்டியில் கை ஊன்றிக்கொண்டு. "எல்லாம் தப்பு. நான் தப்பு."

"தண்ணி குடுங்கம்மா முதல்ல" என்று மனைவி விற்பனைப் பெண்ணிடம் சொன்னாள். "முப்பத்தாறு வருஷத்துல இவர் வாயால 'நான் தப்பு'ன்னு நான் கேட்டதே இல்ல. ஏதோ பெரிய வியாதி."

தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு நடந்ததை எல்லாம் சொன்னார். நூற்றிருபது, தொண்ணூற்றைந்து, இருபத்தைந்து. ஒன்றையும் மறைக்கவில்லை. "மதில் பக்கமே நின்னுச்சு பாப்பா, எட்டு மாசமா. நான் எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். மிச்சம் மீதியைக் குடுத்துட்டு, ஓடலை ஓடலைன்னு போர்டுல எழுதினேன். கேட்டா கூச்சம்னேன்."

 மகள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"எட்டாவது லேன் மாதிரியாப்பா?"

"எந்த எட்டாவது லேன்?"

"நம்ம ஸ்கூல் கிரவுண்டுல. குடிதண்ணிக் குழாய் பக்கத்துல போகுமே, அது. குழாய் எப்பவும் ஒழுகிட்டே இருக்கும். வளைவுல பத்தடிக்குச் சேறு. ஷூ ஒட்டிக்கும். மத்த ஏழு பேரும் காய்ஞ்ச தரையில ஓடுவாங்க."

சார் திகைத்துப்போனார். அந்த மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் அவர். கோணல் இல்லாமல், அங்குலம் பிசகாமல். கோட்டைப் பார்த்தார், தரையைப் பார்க்கவில்லை.

"ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. ஆறாம் வகுப்புல." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "சாக்கு சொல்லாதேன்னீங்க."

மனைவி கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். "அவ தினம் குழாயிலயே ஷூவைக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவா. உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

சாருக்கு அழுகை வந்துவிட்டது. ஷோரூம் நடுவில், பளபளக்கிற கார்களுக்கு மத்தியில், விசிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்கமாக இருந்தது. ஏழு வருஷம், வருஷத்துக்கு ஒரு போட்டி, நாலாவது, அஞ்சாவது என்று தன் கையாலேயே எழுதினார். கூச்ச சுபாவம் என்று ஊரெல்லாம் சொன்னார். பல் டாக்டரைக்கூட விடாமல் அவரிடமும் சொன்னார்.

"அட, விடுங்கப்பா. இப்ப வண்டியைப் பார்ப்போம்" என்றாள் மகள். விற்பனைப் பெண்ணிடம் திரும்பி, "உருண்டையை ஓட்டிப் பார்க்கக் குடுப்பீங்களா? இருபது சதவீதம் சார்ஜோட வேணும்" என்றாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் சார் ஈரத் துணியால் பலகையை முழுக்கத் துடைத்தார். 'இதுவரை எழுதியது எல்லாம் தப்பு. எழுதியவன் நான்' என்று எழுதி, தேதியும் போட்டார். பல் டாக்டர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார், ஒரு படம் இல்லை, ஐந்து. கான்ட்ராக்டர் மட்டும், "என் வண்டி நல்லாத்தானே ஓடுச்சு, அதை ஏன் அழிச்சீங்க?" என்று கொஞ்சம் முணுமுணுத்தார்.

மகள் ஷோரூமிலிருந்து உருண்டையை ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாவது மெஷின், எட்டு மாசமாக யாரும் தொடாத கன். பக்கத்தில் யாரும் இல்லை. சார் மாட்டினார், வாட்சை அமுக்கினார். திரையில் எழுபத்திரண்டு கிலோவாட் என்று எண் வந்தது, கடைசி வரைக்கும் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றது. எண்பது தொட்டபோது வாட்சில் இருபத்து மூன்று நிமிஷம், நாலு விநாடி. சார் உருண்டையின் பானெட்டைத் தடவிக் கொடுத்தார். மகள் அங்கேயே ஷோரூமுக்குப் போன் போட்டு, "உருண்டைதான், பேப்பரை ரெடி பண்ணுங்க" என்றாள்.

பிறகு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள்.

"என்ன பண்றே பாப்பா?"

"இந்தக் கோடியிலிருந்து அந்த மதில் வரைக்கும் அறுபது மீட்டர் இருக்குமா?"

"அறுபத்து மூணு. நான் அளந்திருக்கேன்."

"நல்ல காய்ஞ்ச தரை. நேரம் எடுங்க."

முப்பத்து நாலு வயது, வாடகைக்கார் ஓட்டி ஓட்டி இடுப்பு பிடித்துப்போனவள். தளத்தின் கோடியில் போய் ஒரு காலை முன்னே வைத்து நின்றாள். சார் விசிலை ஊதினார். ஓடினாள் பாருங்கள்! கை மடங்கி, குதிகால் தரையில் படாமல், தகரக் கூரைக்குக் கீழே மின்னி மறைகிற மாதிரி ஓடி மதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"எவ்வளவுப்பா?"

சார் கையைப் பார்த்தார். வாட்சில் பூஜ்யம் பூஜ்யமாக நின்றது. பொத்தானை அமுக்கவே இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நடக்காதது.

"பாப்பா, அது வந்து, நான் உன்னையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்..."

"சாக்கு சொல்லாதீங்கப்பா" என்றாள் மகள். மூச்சு வாங்கிக்கொண்டே கோட்டுக்குத் திரும்பி நடந்தாள். "ஒழுங்கா அமுக்குங்க. மறுபடி ஓடறேன்."